பாலை முல்லையாகும் வழி



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் அவையில் காட்டைப் பற்றிய உரைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை நினைத்தால் அந்த ஐயம் நீங்கும். தொல்காப்பியர் நடுவண் ஐந்திணையைக் கூறினாலும் நிலத்தைப் பகுக்கும்போது நான்காகவே பகுத்தார். பாலைக்குத் தனி நிலம் இல்லை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வாயிலாக இளங்கோவடிகள் இதற்கு விளக்கம் தருகிறார். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தத்தம் நல்லியல்பை இழந்து பாலையின் வடிவத்தைக் கொள்கின்றன என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டும் உவமை, அமைச்சரோடு அரசனும் முறை தவறியதால் கெட்டுப்போன நாடு. வெயிலின் செயலுக்கு ஆட்சியின் செயலை உவமையாக்கிய அந்தப் புலமை வியந்து போற்றத்தக்கது. பாலை ஒரு நிலமன்று. நிலத்துக்கு நேர்ந்த ஒரு நிலை.

அவ்வாறாயின் ஒரு வினா எழுகிறது. இயல்பு திரிந்து பாலையானது, திரும்பவும் முல்லை ஆகுமா? ஆகுமாயின் யார் கையால் ஆகும்? நகரத்தையும் சம்பளத்தையும் விட்டு, மண்ணோடும் மரத்தோடும் தம் உழைப்பால் வாழ முற்பட்ட மனிதர் பலர் உண்டு. அவர்களுடைய வாழ்க்கைகளே இந்த வினாவுக்கு விடையாக நிற்கின்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காணலாம்.

குளக்கரையில் ஒரு கணக்கேடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் சிற்றூர். அதனை அடுத்த வால்டன் குளக்கரையில் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று குடிபுகுந்தார். பத்தடிக்குப் பதினைந்தடி அளவுள்ள மரக் குடிசையைத் தம் கையாலேயே கட்டினார். அதற்கான செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று எழுதி வைத்தார். ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில் அவரை இனப் பயற்றை முதன்மையாகக் கொண்டு பயிரிட்டார். வரவு செலவு போக மிஞ்சியது 8 டாலர் 71½ சென்ட் என்பதும் அவர் ஏட்டில் உண்டு. 1847 செப்டம்பர் 6 அன்று அங்கிருந்து வெளியேறினார். 1854இல் 'வால்டன்' நூல் வெளிவந்தது.

துறவு நூலென்று எண்ணி அதனைத் திறப்பவர் முதலில் சந்திப்பது ஆணிக்கும் செங்கல்லுக்கும் ஆன கணக்கைத்தான். ஒரு பொருளின் விலை என்பது அதற்காக மனிதன் செலவிடும் வாழ்நாளின் அளவு என்பது தோரோவின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கையைச் சோதிக்கவே அவருக்குக் கணக்கேடு தேவைப்பட்டது.

அவர் தனித்து வாழ்ந்தார் என்பது முழு உண்மையன்று. குடிசை நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. கோடரியும் இரவல் வாங்கியதே. ஊர் நடந்து போகும் தொலைவில் இருந்தது. உறவினரும் நண்பரும் வந்து போயினர். இவற்றைச் சுட்டி அவரை நகைப்போர் இன்றும் உளர். இரவல் வாங்கியதை நூலின் தொடக்கப் பகுதியிலேயே அவர் சொல்லிவிடுகிறார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அந்நூலில் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. அக்காட்டில் தமக்கு முன் வாழ்ந்தோரை அவர் நினைவுகூர்கிறார். அவர்களுள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் இருந்தனர். இடிந்த அவர்களது வீட்டுப் பள்ளங்களையும் தூர்ந்த கிணறுகளையும் அவர் கண்டு எழுதினார். யாருமற்றது என்று தோன்றும் காட்டிலும் ஒருவர் அடுப்பெரித்த சாம்பல் இருக்கும் என்பதை அப்பகுதி உணர்த்துகிறது.

வால்டனை விட்டு வெளிவந்த பின்னரே தோரோவின் காட்டுப் பணி ஆழம் பெற்றது. 1859இல், தாம் முன்பு பயிரிட்ட நிலத்தில் 400 வெண்பைன் கன்றுகளை நட்டார். 1860இல் உழவர் சங்கக் கூட்டம் ஒன்றில், ஒரு வகை மரம் வெட்டப்பட்ட இடத்தில் வேறு வகை மரம் முளைப்பது எப்படி என்று உரையாற்றினார். விதை தானாகத் தோன்றுவதில்லை. காற்றும் பறவையும் அணிலும் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று பல ஆண்டுகள் கண்டறிந்த சான்றுகளோடு விளக்கினார். பயிரிட்ட நிலத்தைக் காட்டுக்குத் திருப்பித் தந்தவர் என்ற வகையில், தற்சார்பு வாழ்வையும் காடு மீட்பையும் ஒருசேரத் தொட்டவர் அவர்.

தமிழ் கற்பித்த பண்ணை

தோரோ ஒருநாள் இரவு சிறையிலிருந்ததும், அதன் விளைவாக எழுதிய கட்டுரையும் பலர் அறிந்தவை. அக்கட்டுரையின் கருத்துகளை 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டவர் காந்தியடிகள். மூன்றாண்டு கழித்து, 1910இல், ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சத்தியாக்கிரகிகளின் பயன்பாட்டுக்கு வாடகையின்றி அளித்தவர் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஒரு சிறு ஊற்று, ஒரு சிறு வீடு ஆகியவையே அங்கிருந்தவை.

இயற்கையின் மீது கொண்ட காதல் மட்டும் அப்பண்ணையைத் தோற்றுவிக்கவில்லை, வறுமை தோற்றுவித்தது. சத்தியாக்கிரகிகள் சிறை சென்றபின் அவர்தம் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் தந்து காப்பாற்ற நிதி போதவில்லை. எல்லாரும் ஓரிடத்தில் கூடி உழைத்து உண்டால் போராட்டம் நீடிக்கும் என்ற கணிப்பே பண்ணையாயிற்று. 'தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்' என்ற நூலில் காந்தியடிகள் அதன் நாள்முறை வாழ்வை விரிவாகவே எழுதியுள்ளார்.

வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் கழிவகற்றல் வரை எல்லாம் அங்கு வாழ்ந்தோரின் கைவேலை. கழிவுகள் குழியிலிட்டு மண்ணால் மூடப்பட்டு எருவாயின. கோதுமையைத் திரிகையில் அரைத்துச் சலிக்காத மாவில் ரொட்டி சுட்டனர். கோதுமையை வறுத்துப் பொடித்துக் காப்பிக்கு மாற்றாகப் பருகினர். பொதுக் காரியமாகச் செல்வோர் மட்டுமே தொடர்வண்டியில், அதுவும் மூன்றாம் வகுப்பில், செல்லலாம். சொந்தக் காரியமாக நகரம் போக விரும்புவோர் 21 மைலும் நடக்க வேண்டும். விடியலுக்கு வெகு முன்னரே கட்டுச்சோற்றோடு புறப்படுவர். காலன்பாக், மரியன்ஹில் என்னுமிடத்துக் கிறித்தவத் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்தியடிகளுக்குக் கற்பித்தார். காந்தியடிகள் பிறருக்குக் கற்பித்தார்.

பாம்புகளைக் கொல்வதில்லை என்ற கொள்கையும் அங்கு பேணப்பட்டது. காலன்பாக் பாம்பு நூல்களைத் திரட்டி, நஞ்சுள்ளதையும் இல்லாததையும் எல்லாரும் பிரித்தறியச் செய்தார். நாகம் ஒன்றைப் பழக்கவும் முயன்றார். ஆயினும் ஒருமுறை வீட்டினுள் நுழைந்த பாம்பைக் கொல்ல இசைவு தர நேர்ந்ததை காந்தியடிகள் மறைக்காமல் எழுதுகிறார். கொல்லாமையைக் கடைப்பிடிப்பதற்குத் தேவையான அச்சமின்மை தமக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதே அவர் தந்த காரணம். இயற்கையோடு இயைந்து வாழ்தல் என்ற தொடரை எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு உள்ளம் எவ்வளவு பக்குவப்பட வேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

தமிழருக்கு இப்பண்ணையோடு உள்ள உறவு மிக நெருக்கமானது. அங்கு வாழ்ந்தோரில் தமிழ்க் குடும்பத்தினரும் பலர். பண்ணைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம். தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தாய்மொழியை ஓரளவே பேசுவர், எழுத்தறியார். அவர்களுக்கு அகரம் முதல் தொடங்கித் தமிழெழுத்தும் எளிய இலக்கணமும் கற்பித்தவர் காந்தியடிகள். அவரது தமிழறிவோ கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப் அவர்களின் தமிழ்க் கைந்நூலைக் கொண்டு பெற்ற சிறிதளவே. திருக்குறளை ஆங்கிலமாக்கிய அதே போப்தான். காலையில் மண்வெட்டி பிடித்த கைகள் பிற்பகலில் எழுதுகோல் பிடித்தன. உழைத்த களைப்பில் மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் வகுப்பில் உறங்கி விழுந்ததுண்டு. மண்ணோடு சேர்ந்து மொழியையும் மீட்ட இடம் அது.

அதன் பயன் 1913இல் தெரிந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள் 11 பேர், பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்தினர், சிலர் கைக்குழந்தையோடு, சிறை செல்லும் நோக்கத்தோடு மாநில எல்லையைக் கடந்தனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர். சுரங்க வேலைநிறுத்தம் எழுந்தது. அது பெரும் பயணமாக வளர்ந்தது. திரிகை சுற்றியும் வெறுந்தரையில் படுத்தும் பழகியவர்களைச் சிறை அச்சுறுத்தவில்லை. பண்ணை இல்லையேல் அப்போராட்டம் எட்டாண்டு நீடித்திருக்காது என்று காந்தியடிகளே கருதினார். உலகத்தை விட்டு ஒதுங்குவதற்கன்றி, உலகத்தை எதிர்த்து நிற்பதற்கான வலிமையைத் திரட்டவே அங்கு எளிமை பழகப்பட்டது.

செம்மண் மேட்டில் காயா

மூன்றாவது இடம் தமிழ் மண்ணிலேயே உள்ளது. புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பகுதியில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. அன்று 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. விழா நடந்த நிலமோ தன் மண்ணையே இழந்துகொண்டிருந்தது. மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடைகளைக் குடைந்துகொண்டு கடலில் சென்று கலந்தது. நடுவே நின்ற ஓர் ஆலமரமே கண்ணுக்குத் தெரிந்த நிழல். இளங்கோவடிகள் சொன்ன திரிபு முழுமையாக நிகழ்ந்த இடம் எனலாம்.

அங்கே வந்து குடியேறிய இளைஞர்கள், பல நாட்டினர், கீற்றுக் குடிசைகளில் தங்கினர். முதலில் அவர்கள் கற்றது, மரம் நடுவதற்கு முன் மழையைப் பிடிக்க வேண்டும் என்பதே. மேட்டின் சரிவைப் பார்த்து மண்கரைகள் எழுப்பினர். ஓடைகளுக்குத் தடுப்பணை இட்டனர். விழுந்த இடத்திலேயே நீர் ஊறத் தொடங்கியது. பிறகு கடுமையைத் தாங்கி விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை, குறிப்பாக ஆஸ்திரேலிய அகேசியா வகையை, நட்டனர். அவை நிழலும் சருகும் தந்தன. அந்த நிழலில்தான் நிலத்துக்குரிய மரங்கள் வேர் பிடித்தன.

நிலத்துக்குரிய மரங்கள் எவை? சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி முன்பு நிலவியது உலர் பசுமைமாறாக் காடு. உயரம் குறைந்த, அடர்ந்த, கோடையிலும் இலையுதிராத காடு. அது ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி கோயில் காடுகளாகவே எஞ்சியிருந்தது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் பெயர் பெற்றது. ஐயனாருக்குரிய காட்டில் மரம் வெட்டலாகாது என்ற அச்சமும் பக்தியும் விதைகளைக் காத்து வைத்திருந்தன. ஆரோவில் தாவர ஆர்வலர்கள் இத்தகைய காடுகளைத் தேடிச் சென்று விதை சேகரித்து நாற்றுப்பண்ணை அமைத்தனர். 1973இல் ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இப்பணியில் முன்னணியில் நின்றது. 2003இல் தொடங்கிய சாதனா காட்டில், பல நாட்டு இளைஞர்கள் தொண்டர்களாக வந்து தங்கிக் குழி தோண்டிக் கன்று நட்டனர்.

அவ்வாறு நடப்பட்ட மரங்களின் பெயர்ப்பட்டியல் இலக்கிய அன்பர்களுக்கு இனிக்கும். வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, காயா. காயா முல்லைத் திணைக்குரிய பூ. மாயோன் மேனிக்குப் புலவர்கள் உவமை சொன்ன நீலப்பூ. உரையாசிரியர்களின் குறிப்பில் மட்டுமே அதனைக் கண்டிருந்த தமிழ் மாணவர், அந்தச் செம்மண் மேட்டில் அது கிளை நிறையப் பூத்து நிற்பதைக் காணலாம். பாலையாய்க் கிடந்த நிலத்தில் முல்லையின் பூ மலர்ந்தது என்று சொன்னால் அது கவிதையாகத் தோன்றும். ஆனால் அது நடந்த செய்தி. அந்த அனுபவம் பின்னர்ச் சென்னைக்கும் பயன்பட்டது. அடையாறு முகத்துவாரத்தில் குப்பை மேடாகிக் கிடந்த 58 ஏக்கரை மீட்கும் திட்டத்தில் பிச்சாண்டிக்குளத்தார் பங்கு கொண்டனர். 2011இல் திறக்கப்பட்ட அப்பூங்காவுக்கு இடப்பட்ட பெயர் தொல்காப்பியப் பூங்கா.

பெருமையின் ஓரத்தில் சில வினாக்களும் நிற்கின்றன. அந்த மேட்டு நிலங்களில் பல, சுற்றியுள்ள சிற்றூர் மக்களிடமிருந்து விலைக்கு வாங்கியவை. குழி தோண்டியோரிலும் நீர் சுமந்தோரிலும் பலர் அவ்வூர்களின் கூலியாட்கள். குடிசையில் வாழ்வதை ஒருவர் விரும்பி ஏற்கலாம். பக்கத்து ஊர்க்காரருக்கு அது விருப்பமன்று, பிறப்பால் வாய்த்தது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு எளிமையைப் புகழ்வது முறையாகாது. நட்டு வளர்த்த காடு சட்டத்தின் பார்வையில் காடுதானா என்ற வினாவும் எழுந்தது. 2021 இறுதியில் நகரமைப்புத் திட்டச் சாலைக்காக மரங்கள் அகற்றப்பட்டபோது வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. அது காடன்று என்று கருதியபோதிலும், சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை கட்டுமானம் கூடாது என்று 2022இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. ஐம்பதாண்டு வளர்ந்த நிழலையும் ஒரு வரைபடக் கோடு அளக்க வரும் என்பது இதன் பாடம்.

விட்டுவிட்டால் காடாகுமா?

மனிதன் விலகிக்கொண்டால் போதும், காடு தானே திரும்பும் என்ற கருத்து மேலைநாடுகளில் செல்வாக்குடையது. ஒருபகுதி உண்மைதான். விதையும் பறவையும் மண்ணும் எஞ்சியிருக்கும் இடத்தில் காடு திரும்புகிறது. அவை எஞ்சாத இடத்தில் என்ன நிகழும் என்பதை இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் தரிசுகள் காட்டுகின்றன. உழவர் கைவிட்ட நிலத்தில் முல்லை வரவில்லை, சீமைக்கருவேலம் வந்தது.

மலைக்காடுகளின் செய்தி இன்னும் நுட்பமானது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் சிறு தீ வைக்கும் வழக்கமுடையவர்கள். காட்டைப் பாதுகாக்கும் நோக்கில் அது தடை செய்யப்பட்டது. அதன் பின்னரே உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்பது சோலிகர் சொல்லும் காரணம். ஆய்வாளர்கள் அதனைக் கருத்திற்கொண்டு ஆராய்ந்துள்ளனர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் சோலிகரின் சமூக வன உரிமைகள் அங்கே ஏற்கப்பட்டன. மனிதரை வெளியேற்றிக் காட்டைப் படைக்கும் கொள்கையை ராமச்சந்திர குகா 1989இலேயே ஒரு கட்டுரையில் கண்டித்தார். ஏழை நாடுகளில் அதன் சுமை ஏழைகள் தலையில்தான் இறங்கும் என்பது அவர் வாதம். தோரோ கண்ட தூர்ந்த கிணறுகளை மறந்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேச முடியாது.

உழவனை விலக்காமலே நிலத்தைத் தேற்றும் வழியைத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் எடுத்துரைத்தவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). வேளாண் பட்டம் பெற்று, கோவில்பட்டி ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, அவ்வேலையைத் துறந்து, ஊர் ஊராக நடந்தவர். கரூர் மாவட்டம் கடவூரை அடுத்த வறண்ட நிலத்தில் 'வானகம்' பண்ணையை அமைத்தார். மழைநீரைத் தேக்கும் பள்ளங்கள், மூடாக்கு, பலவகை மரங்கள் என்று அந்த நிலம் தேறியது. இன்று தமிழ் இளைஞரிடையே வழங்கும் 'தற்சார்பு' என்ற சொல்லுக்கு வலிமை ஏற்றியவர்களுள் அவர் ஒருவர். அவர் கற்பித்த தற்சார்பு, தனியாள் பிறரை நாடாதிருத்தல் என்னும் பொருளுடையதன்று. விதைக்குக் கடையையும் உரத்துக்கு ஆலையையும் நாடாமல், ஓர் ஊர் தன்னைத் தானே தாங்கிக்கொள்வது.

நிறைவாக

இம்மூன்று இடங்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. எவரும் முழுத் தற்சார்போடு வாழவில்லை. தோரோவுக்கு நண்பரின் நிலம் வேண்டியிருந்தது. காந்தியடிகளுக்கு காலன்பாக்கின் கொடையும் தமிழ்ப் பெண்களின் உழைப்பும் வேண்டியிருந்தன. ஆரோவில் காட்டுக்கு ஐயனார் கோயிலின் விதை வேண்டியிருந்தது. இதனைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. எதைச் சார்ந்து வாழ்கிறோம் என்று அறிந்து, அதற்கு நன்றியோடு வாழ்வதே அவர்கள் கண்ட தற்சார்பு. சந்தையைச் சார்ந்திருப்பவனுக்குத் தான் எதைச் சார்ந்திருக்கிறான் என்பதே தெரிவதில்லை.

காட்டை நாடிச் செல்லும் இளைஞரைப் பித்தரென்று நகைப்பதும், முனிவரென்று வணங்குவதும் ஒன்றுபோலவே தவறு. மழையைப் பிடித்தாரா, விதையைத் தேடினாரா, அருகிருக்கும் ஊரோடு உறவு கொண்டாரா என்று கேட்பதே அவரை மதிக்கும் முறை. புத்துப்பட்டில் விதையைக் காத்து நின்ற மக்கள் எந்த நூலையும் எழுதவில்லை. அவர்கள் காத்ததால்தான் நூல்களில் மட்டும் இருந்த காயா மறுபடி மண்ணில் பூத்தது. தமிழகத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் கோயில் காடுகள் பல, சாலைக்கும் மண்டபத்துக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் ஆண்டுதோறும் சுருங்கிவருகின்றன. ஐந்திணையைப் போற்றும் இலக்கிய அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயில் காட்டுக்கு ஒருமுறை சென்று, அங்கு நிற்கும் மரங்களின் பெயரைக் கேட்டறிந்து, விழும் விதைகளைப் பொறுக்கி வந்து முளைக்கவைத்தாலும் போதும். முல்லையைப் படித்தவர்கள் முல்லைக்குச் செய்யும் கைம்மாறு அதுவாக அமையும்.